கடைசி வரிசையில் ஒரு ஹெரால்டு

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, மூஞ்சியில புகை அடிக்கும்" என்று எச்சரித்துவிட்டுச் சாவியைத் திருப்புகிறார் நண்பர். இரண்டு முறை இருமி, மூன்றாவது முறை உயிர் பெறுகிறது 1967-ஆம் வருடத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வெளிர்நீல வண்டி. இரண்டே கதவு. பின்சீட்டில் கான்வாஸ் பையை மடியில் வைத்தபடி எழுபது வயதைத் தாண்டிய மெக்கானிக் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார். எல்லோருக்கும் அவர் 'சாச்சா'. கைலியும் மங்கி குல்லாயுமாக வந்திருக்கிறார்.

இடம் கொல்கத்தாவின் லேக் மார்க்கெட். ராஷ்பிகாரி அவென்யூவை ஒட்டிய இந்த வட்டாரத்தில் தமிழர்கள் தலைமுறைகளாகக் குடியிருக்கிறார்கள். ஜனவரிப் பனியில் காப்பிக் கொட்டை வறுபடும் வாசனை மயிலாப்பூரை ஞாபகப்படுத்துகிறது. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியான நண்பர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். கார் அவருடைய அப்பா வாங்கியது. "சென்னையிலேர்ந்து அப்பா தானே ஓட்டிண்டு வந்தார். நாலு நாள். வழியில ஒரே ஒரு பஞ்சர்" என்று சொல்லும்போது, வண்டியைவிடப் பயணத்தைத்தான் அப்பா விட்டுச் சென்ற சொத்தாக அவர் நினைப்பதுபோல் தெரிகிறது.

நாங்கள் போவது அலிப்பூர்ப் பக்கம், பழைய கார் வைத்திருப்பவர்களின் வருடாந்திரக் கூட்டத்துக்கு. இந்தியாவில் இந்த மோகத்துக்கு ஊர்வல வடிவம் கொடுத்தது 'தி ஸ்டேட்ஸ்மன்' நாளிதழ். 1964-இல் தில்லியில் தொடங்கிய அதன் பழைய கார் பேரணி பிறகு கல்கத்தாவுக்கும் வந்தது. நாங்கள் போனது அதற்கல்ல. சின்ன வட்டம், ஒரு புல்வெளி, மத்தியானச் சாப்பாடு. அவ்வளவுதான்.

வாசலில் பிளேஸர் அணிந்த இளைஞர் பட்டியலைப் பார்க்கிறார். முகம் மலர்கிறது. "ட்ரையம்ப் ஹெரால்டா?"

"இல்லை, ஸ்டாண்டர்டு ஹெரால்டு."

"ஓ... மதராஸ் ஹெரால்டு." மலர்ந்தது கூம்பியது. "கடைசி வரிசை. சமையல் பந்தலைத் தாண்டிப் போங்கள்."

இங்கே கொஞ்சம் சரித்திரம். இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வரைந்து, இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த கார் ட்ரையம்ப் ஹெரால்டு. அதையே 1961-இலிருந்து 'ஸ்டாண்டர்டு' என்ற பெயரில் சென்னையில் தயாரித்தார்கள். அதே உடம்பு, அதே வளைவு, 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் அதே சாமர்த்தியம். பின்னாளில் நம் குடும்பங்களின் அளவை உத்தேசித்து நான்கு கதவு வைத்து ஒரு ஹெரால்டும் செய்தார்கள். அது இங்கிலாந்துக்காரனுக்கே கிடைக்காதது. ஆனால் மூக்கில் இருக்கும் பெயர்ப்பட்டை வேறாயிற்றே! 'மதராஸ்' என்ற சொல்லை அந்த இளைஞர் உச்சரித்த விதம் எனக்குச் சுருக்கென்றது. நண்பருக்குப் பழகிவிட்டது. பேசாமல் கியரைப் போட்டார்.

முன்வரிசை ஷாமியானா நிழலில். ரோல்ஸ் ராய்ஸ், பியூக், இன்னும் நீள மூக்கு அமெரிக்க வண்டிகள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஓர் அட்டை. எந்த சமஸ்தானம், எந்த மகாராஜா, யார் யார் உட்கார்ந்த சீட்டு என்று வம்சாவளி. வண்டியின் குதிரைச் சக்தி கடைசி வரியில், இடம் மிஞ்சினால். இப்போதைய சொந்தக்காரர்களோ பெரும்பாலும் வியாபாரிகள். 1971-இல் மன்னர் மானியம் ஒழிந்தபின் அரண்மனை கராஜ்கள் பல காலியாயின. ராஜா விற்றார், சேட் வாங்கினார். விலையோடு மிடுக்கையும் சேர்த்தே பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள் போலும்.

வங்காளத்தில் 'பொனேதி' என்றொரு சொல் உண்டு. பழைய பெரிய குடும்பங்களைக் குறிப்பது. 'பரம்பரைப் பணக்காரர்' என்று நான் பலமுறை மொழிபெயர்த்திருக்கிறேன். திருப்தியாக இருந்ததில்லை. பணம் போன பிறகும் 'பொனேதி' போகாது என்பது தமிழில் வரவில்லை. இந்தப் புல்வெளியில் அதன் இலக்கணம் புரிந்தது. "ஹெட்லைட் ஒரிஜினலா?" "எத்தனை கை மாறியது?" "பெயின்ட் எங்கே அடித்தீர்கள்?" கேள்விகளின் தொனி கல்யாணத்துக்கு முன் கோத்திரம் விசாரிப்பதுபோல. வெள்ளைக்காரர் கிளப்புகள் இந்தியரை வெளியே நிறுத்திய ஊர் இது. அதற்கு மாற்றாக இரு தரப்புக்கும் பொதுவாக 1907-இல் தொடங்கிய கல்கத்தா கிளப்கூடப் பெண்களை உறுப்பினராக்க 2007 வரை எடுத்துக்கொண்டது. வாசலில் ஆள் நிறுத்துவது இங்கே பழைய கலை.

கடைசி வரிசையில் எங்களுக்கு அக்கம்பக்கம் ஃபியட்டுகள், ஒரு வில்லிஸ் ஜீப், அம்பாசடர்கள். உத்தர்பாராவிலிருந்து வந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் தன் அம்பாசடரை மஞ்சள் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஹூக்ளி நதிக்கரையில் அந்த உத்தர்பாராவில்தான் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை. மாரிஸ் ஆக்ஸ்போர்டு மாடலை அடியொற்றி 1950-களின் கடைசியில் பிறந்த அம்பாசடர், 2014 மே மாதம் ஆலை நிற்கும்வரை அங்கேதான் உருவானது. இவருடைய அப்பா அங்கே பெயின்ட் பிரிவில் வேலை பார்த்தவர். "எங்கள் ஊரில் செய்த வண்டிக்கு எங்கள் ஊரிலேயே இதுதான் இடம், தாதா. ஏனென்றால் அது டாக்சியாக ஓடியது" என்றார். (வங்காளத்தில் 'தாதா' என்றால் அண்ணன். பயப்பட வேண்டாம்.) அந்த மஞ்சள் டாக்சிகளும் பதினைந்து ஆண்டு விதியால் குறைந்துகொண்டே வருகின்றன. அபூர்வமானபின் ஒருவேளை முன்வரிசைக்கு அழைப்பு வரலாம்.

பத்தரை மணிக்கு சாச்சா ஹெரால்டின் பானெட்டைத் திறந்தார். கதையே அப்போதுதான் மாறியது. ஹெரால்டின் பானெட் மற்ற கார்களுடையது போல் அல்ல. மட்கார்டு, ஹெட்லைட்டோடு முன்பாகம் முழுவதும் முதலை வாயைப் பிளப்பதுபோல் முன்னோக்கிக் கவிழும். எஞ்சின் நட்டநடு வெளிச்சத்தில் நிற்கும். முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். ஐந்து நிமிஷத்தில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். முன்வரிசையிலிருந்து வெள்ளை மீசையும் பட்டு ஸ்கார்ஃபுமாக ஒரு பெரியவர், காலையில் எங்கள் வணக்கத்தைக் கவனிக்காமல் போனவர், வந்து குனிந்தார். "நான் ஓட்டக் கற்றதே இதில்தான்!" என்றார். அடுத்த நிமிஷம் பட்டு ஸ்கார்ஃபைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் டயர்மேல் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு நடந்தது சுத்தமான 'அட்டா'. நோக்கமில்லாத, நேரக்கணக்கில்லாத வங்காள அரட்டை. ரப்பர் பீடிங் எங்கே கிடைக்கும், பெட்ரோல் டேங்க் துருவை எப்படிப் போக்குவது என்று சொத்துக் கணக்கு மறந்து பேசினார்கள். ட்ரையம்ப் உதிரிபாகங்கள் இங்கிலாந்தில் இன்றும் கிடைக்கின்றன. அடுத்த முறை லண்டனிலிருந்து வரும்போது கேஸ்கெட் செட்டைத் தன் பெட்டியிலேயே கொண்டுவருவதாகப் பெரியவர் வாக்குக் கொடுத்தார். வெறும் பேச்சாகத் தோன்றவில்லை. பாக நம்பரை டைரியில் குறித்துக்கொண்டார்.

"நீங்கள் 'வி.ஏ.' நம்பர் எடுங்கள், முன்வரிசைக்கு வந்துவிடலாம்" என்று யோசனையும் சொன்னார். ஐம்பது வயது தாண்டிய வண்டிகளை 'விண்டேஜ்' என்று பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள். ஆனால் அப்படிப் பதிவான வண்டியை அன்றாட உபயோகத்துக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல், ரிப்பேர், இவற்றுக்கு மட்டும்.

நண்பர் என் காதருகே தமிழில் முணுமுணுத்தார்: "அப்புறம் நான் எதுல சார் காய்கறி வாங்கப் போறது?"

பதினொன்றரைக்கு ஊர்வலம் கிளம்பவேண்டும். பெரியவரின் பியூக் கிளம்பவில்லை. சீருடை டிரைவர் வியர்த்தார். சாச்சாவைக் கூப்பிட்டார்கள். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிப் பார்த்தார். பாயின்ட்டில் கரி. "ஒரு விசிட்டிங் கார்டு கொடுங்கள்" என்றார். பெரியவர் பொன்னெழுத்து பொறித்த தன் கார்டை எடுத்து நீட்டினார். அதை ஓரமாகக் கிழித்துப் பாயின்ட்டுகளின் இடையில் விட்டு நாலு இழு இழுத்தார் சாச்சா. கரி பொன்னெழுத்தில் ஒட்டியது. பியூக் உறுமியது. கூட்டம் கைதட்டியது. பெரியவர் கிரீஸ் கையைப் பற்றிக் குலுக்கி, சாச்சாவைத் தோளோடு அணைத்துக்கொண்டார். நடிப்பில்லை, கண் பளபளத்தது.

ரித்விக் கட்டக் 1958-இல் எடுத்த 'அஜாந்த்ரிக்' படம் ஞாபகம் வந்தது. சுபோத் கோஷின் கதை. பழைய ஷெவர்லே டாக்சியை உயிருள்ள துணையாக நினைக்கும் ஒரு டிரைவர். காருக்கும் மனிதனுக்கும் உள்ள உறவை இந்த ஊர் முன்பே எழுதிவிட்டது. கார்க்காரனுக்கும் மெக்கானிக்குக்கும் உள்ள உறவு வேறு அத்தியாயம்.

மத்தியானம் அது தெரிந்தது. ஒரு காருக்கு இரண்டு சாப்பாட்டுக் கூப்பன், சொந்தக்காரருக்கும் ஒரு விருந்தினருக்கும். டிரைவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் வாசலருகே மரத்தடியில் அட்டைப் பெட்டியில் லூச்சியும் உருளைக்கிழங்கும். 'விருந்தினர்' வில்லை என் சட்டையில் குத்தியிருந்தது. அதை நான் கழற்றவில்லை. நண்பரும் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே மட்டன் கோஷா பிரமாதம். புது வெல்லத்து சந்தேஷை இரண்டாவது முறையும் வாங்கிக்கொண்டேன். ஆவலாகப் பேசியபடியே எங்கள் மேஜையில் உட்கார்ந்த பெரியவர், "உங்கள் மிஸ்திரி ரத்தினம்" என்று மூன்று தடவை சொன்னார்.

பரிசு முன்வரிசைக்கே. யாரும் எதிர்பார்க்காதது எதுவும் நடக்கவில்லை. ஆசிரியருக்கு மட்டும் 'பராமரிப்பு' என்று ஒரு சிறு கோப்பை கிடைத்தது. அதைத் துடைக்கவும் அதே மஞ்சள் துணி.

திரும்பும்போது சாச்சாவை மல்லிக் பஜாரில் இறக்கிவிட ஆச்சாரிய ஜகதீஷ் சந்திர போஸ் சாலை வழியாக வந்தோம். பழைய உதிரிபாகங்களுக்குப் பேர்போன சந்தை அது. எந்த வண்டியின் எந்த அங்கமும் அங்கே எங்கோ ஒரு குவியலில் இருக்கும் என்பார்கள். அங்கேதான் சாச்சாவின் பட்டறை. மகன் ஏ.சி. மெக்கானிக், இந்த வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டானாம். பியூக்காரர் நாளைக்கு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார் என்றார் சாச்சா.

"அவரிடம் எவ்வளவு வாங்குவீர்கள்?" என்று கேட்டேன்.

"அவருக்கு பியூக் ரேட்" என்று சிரித்தார். முன்பல் இரண்டு இல்லை.

"ஹெரால்டுக்கு?"

சாச்சா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். நண்பர் கியரை மாற்றுவதில் மும்முரமாக இருந்தார்.