சீம்பால் முதலில் குட்டிக்கு

ஐப்பசி, செவ்வாய் இரவு

மழை விடவில்லை. எங்கள் கன்னி இன ஆடு இரண்டு குட்டி போட்டுவிட்டு, ரத்தப்போக்கு நிற்காமல் செத்துப்போனது. கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அத்தை அதட்டினாள்: "ஏட்டி, அழுதது போதும். மடி சூடு ஆறுறதுக்குள்ள பாலைக் கற." கறந்தேன். மஞ்சளாய், கெட்டியாய்ச் சீம்பால் டம்ளரில் இறங்கியது. செத்தவளிடம் கறப்பதா என்று கை கூசியது. அந்தக் குட்டிகளுக்கு அவள் விட்டுப்போன சொத்து அது ஒன்றுதான். நோயில் செத்த ஆடாக இருந்திருந்தால் அந்தப் பாலைத் தொட்டிருக்க மாட்டோம்.

புதன், விடியுமுன்

மனிதக் குழந்தைக்குக் கருவிலேயே தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி வந்துவிடுகிறது. ஆட்டுக்குட்டிக்கு நஞ்சுக்கொடி வழியாக அது போவதில்லை. சீம்பாலில்தான் கிடைக்க வேண்டும். குடல் அதை வாங்கிக்கொள்வதும் முதல் சில மணி நேரம்தான். 24 மணி நேரம் போனால் ஏறக்குறைய வாசல் அடைத்துவிடும்.

அப்படியும் இரண்டில் சின்னவளுக்கு உடனே கொடுக்கவில்லை. வாய்க்குள் விரலை விட்டால் சில்லிட்டிருந்தது. குளிர்ந்த குட்டிக்குப் பால் செரிக்காது. விழுங்கத் தெம்பில்லாமல் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பழைய வேட்டியால் ஈரம் போகத் துடைத்து, வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி இருபுறமும் வைத்தோம். தொப்புளை டிஞ்சர் அயோடினில் முக்கினேன். வெகுநேரம் கழித்து விரலைச் சப்பினாள். அதற்குப் பிறகுதான் பால்.

இரண்டு கிலோ குட்டிக்கு முதல் நாளில் 200 மில்லி, பலவேளையாகப் பிரித்து. சங்கில் புகட்ட அத்தையை நான் விடவில்லை. குட்டி நின்றபடி கழுத்தைத் தூக்கிச் சப்பினால்தான் பால் முதல் வயிற்றில் தேங்காமல் நேரே நாலாம் வயிற்றுக்குப் போகும். மல்லாக்கப் போட்டு ஊற்றவே கூடாது.

வெள்ளி

கறுப்பாய்ப் பிசினாய் வந்த முதல் கழிவு போய், இன்று மஞ்சளாகப் போட்டான் பெரியவன். வால் அடியில் வெந்நீர்த் துணியால் துடைத்தேன். தாய் நக்கிச் செய்யும் வேலை.

திங்கள்

பக்கத்து வீட்டு ஒற்றைக்குட்டி ஆட்டிடம் பெரியவனை விட்டோம். மோந்து பார்த்து முட்டித் தள்ளியது. அதன் பாலையே அவன் முதுகில் தடவி, அத்தை கொம்பைப் பிடித்துக்கொள்ள, இன்று மாலை ஊட்டவிட்டது. சின்னவளுக்குத் தண்ணீர் கலக்காத பசும்பால், வெதுவெதுப்பாக, கொஞ்சங்கொஞ்சமாக. பாவம் என்று வயிறு புடைக்கக் கொடுத்தால் கழிச்சல்தான் மிச்சம்.

கார்த்திகை, ஞாயிறு

சின்னவள் கொடாப்புக்குள் அகத்திக்கீரையைக் கடிக்கிறாள்.

தெருவில் ஒரு மாடு ஈன்றிருக்கிறது. ஏலக்காயும் கருப்பட்டியும் போட்டுக் காய்ச்சிய சீம்பால் வீட்டுக்கு வீடு வந்தது. காய்ச்சினால் அந்த நோய் எதிர்ப்புச் சக்தி அழிந்துவிடும். கன்று குடித்து மிஞ்சியதில் ஒரு பாட்டிலைப் பச்சையாகவே ஃப்ரீசரில் வையுங்கள். பல மாதம் தாங்கும். பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வைத்து உருக்கி, தாயில்லாக் குட்டி பிறக்கும் வீட்டுக்குக் கொடுங்கள்.