புல்லும் சோலையும்

மரம் நடுதல் தருமம் என்பது பெருமானார் (ஸல்) அவர்களின் போதனை. அதனை என் அத்தாவின் வாயிலாகக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆதலால், மாணவருடன் கொடைக்கானல் சென்றிருந்தபோது வனத்துறை ஊழியர் ஒருவர் அடர்ந்த சீகைமரக் காட்டைக் காட்டி, "இம்மரங்கள்தாம் இந்த மலையைக் கெடுத்தன" என்றதும் திடுக்கிட்டேன்.

பழனி மலையின் உச்சிகள் இயல்பில் புல்வெளிகள். பள்ளத்தாக்குகளின் மடிப்புகளில்தான் சோலைகள். 'சோலை' என்னும் நம் சொல்லையே தாவரவியலார் இக்காட்டிற்குப் பெயராகக் கொண்டனர். நமக்கு அதில் பெருமைதான். புல்வெளிக்கோ அத்தகைய மதிப்புக் கிட்டவில்லை. அதனைத் தரிசெனக் கருதி, ஆஸ்திரேலியச் சீகையையும் தைலமரத்தையும், பைனையும் நட்டனர். 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வாளர்கள், இம்மலைப் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு மறைந்திருப்பதைக் கண்டனர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கொருமுறை மலரும் நீலக்குறிஞ்சிக்கும், வரையாட்டிற்கும் அதுவே இருப்பிடம்.

2013-இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. எல்லை வகுத்தால் மட்டும் போதுமா? சீகையை வெட்டிய இடத்தில், மண்ணில் உறங்கிய அதன் விதைகள் கூட்டமாய் முளைக்கின்றன. சிலவிடங்களில் அதன் நிழலிலேயே சோலைக் கன்றுகள் தலைகாட்டுகின்றன. அங்கே கோடரி ஓங்குவதும் குற்றமே. எங்கே எது எஞ்சியுள்ளது என்று நடந்து நடந்து அளந்தறிந்த பின்னரே கருவியைக் கையிலெடுக்க வேண்டும்.

கல்லூரி மரநடு விழாவிற்குக் கன்று வாங்கச் செல்லும்போதெல்லாம், "இது எந்த மண்ணின் மரம்?" என்றே இப்போது முதலில் வினவுகிறேன். பண்ணைக்காரர் சிரிக்கிறார்.