யாரைக் கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள்?

உளவியல் பட்டப்படிப்பில் சேர்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு எதிர்பார்ப்புகளில் ஒன்றோடு வருகிறார்கள். அடுத்தவர் மனத்தில் இருப்பதைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்ளலாம் என்பது ஒன்று. துன்பப்படுகிறவர்களுக்கு உதவும் தகுதி கிடைக்கும் என்பது இன்னொன்று. ஓரிரு பருவங்களுக்குள் ஆய்வு முறையியலும் புள்ளியியலும் எதிரே வந்து நிற்கும்போது பலருக்கு ஏமாற்றம். கணக்குக்குப் பயந்துதானே இந்தப் பக்கம் வந்தோம் என்று முணுமுணுத்துக்கொண்டு, அந்தத் தாள்களை அரியர் விழாமல் தாண்டினால் போதும் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். சானமாவு, ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து இந்தப் படிப்புக்கு வருகிறவர்கள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் சரி, எல்லை தாண்டிப் பெங்களூருக்குப் போனாலும் சரி, பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: நீங்கள் தாண்டிவிட நினைக்கும் அந்தத் தாள்களில்தான் உளவியல் இருக்கிறது. ஃபிராய்டும் பியாஜேயும் ஸ்கின்னரும் என்ன சொன்னார்கள் என்பதை எந்த நூலகத்திலும் படித்துக்கொள்ளலாம். ஒரு முடிவைக் கேட்டதும் அது யாரிடமிருந்து, எப்படி, எந்தச் சூழலில் பெறப்பட்டது என்று விசாரிக்கும் பழக்கம் அப்படித் தானாக வராது. அதற்குத்தான் வகுப்பும் ஆசிரியரும் மூன்று ஆண்டுகளும் தேவைப்படுகின்றன.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாடநூலில் அச்சேறிவிட்டதாலேயே ஒரு முடிவு நிலைத்துவிடுவதில்லை. பெயர்பெற்ற மூன்று உளவியல் இதழ்களில் வெளிவந்த 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்துபார்த்த ஓர் ஆய்வாளர் கூட்டமைப்பு, 2015இல் தன் முடிவை வெளியிட்டது. மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு, தங்களுக்குக் கிடைத்த விளைவு புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்கது என்று காட்டியிருந்தன. மறுமுறை செய்தபோது 36 விழுக்காடே அந்த வரம்பைத் தாண்டின. தொழிற்சாலைகள் சூழ்ந்த நம் வட்டாரத்துக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் ஹாதார்ன் ஆய்வு. சிகாகோ அருகே வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலையில் 1924 முதல் 1927 வரை விளக்கு வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் உற்பத்தியை அளந்தார்கள். எதை மாற்றினாலும் உற்பத்தி உயர்ந்தது, தங்களைக் கவனிக்கிறார்கள் என்ற உணர்வே தொழிலாளர்களுக்கு ஊக்கமாகிவிட்டது என்று தொழில் உளவியல் நூல்களும் மேலாண்மை நூல்களும் தலைமுறை தலைமுறையாக எழுதின. அழிந்துபோனதாகக் கருதப்பட்ட அந்தத் தரவுகளைத் தேடியெடுத்து, ஸ்டீவன் லெவிட், ஜான் லிஸ்ட் என்ற பொருளியலாளர்கள் இருவர் 2011இல் ஒரு மறு ஆய்வை வெளியிட்டார்கள். விளக்குகளை மாற்றும் வேலை ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்திருந்தது. அதனால் மாற்றத்துக்கு முந்தைய வேலைநாள் சனியாகவும் பிந்தைய வேலைநாள் திங்களாகவும் அமைந்துவிட்டன. விளக்கில் கை வைக்காத வாரங்களிலும் திங்களன்று உற்பத்தி கூடுதலாகவே இருந்திருக்கிறது. மெல்லிய சில அறிகுறிகள் தவிர, நூல்கள் வர்ணித்த அந்தப் பெரிய விளைவு தரவுகளில் தென்படவில்லை. வார விடுப்புக்கு மறுநாள் வேலை எப்படி ஓடும், ஆறாம் நாள் எப்படி ஓடும் என்பது ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் இருக்கும் எந்த வீட்டிலும் தெரிந்த விஷயம். அளந்தது எந்தக் கிழமை என்ற கேள்வியை அந்த வீட்டுப் பிள்ளைகள் மற்றவர்களுக்கு முன்னால் கேட்டிருக்க முடியும். பாடத்தை முடிவிலிருந்து தொடங்கிப் படித்தால் அந்தக் கேள்விக்கு இடமே வராது.

அளந்த விதத்தைப் போலவே அளக்கப்பட்ட ஆட்களும் முக்கியம். அமெரிக்க உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்நெட் 2008இல் எழுதிய கட்டுரையில், அந்நாட்டு உளவியல் சங்கத்தின் ஆறு இதழ்களை ஆராய்ந்து, அவற்றின் ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 96 விழுக்காட்டினர் மேற்கத்தியத் தொழில்வள நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று காட்டினார். உலக மக்கள்தொகையில் அந்நாடுகளின் பங்கு ஏறத்தாழ 12 விழுக்காடுதான். அப்படியானால் மேற்கத்திய உளவியலைத் தள்ளிவிட்டு நம் மரபிலிருந்தே தொடங்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை தொடங்கி எட்டு உணர்ச்சிகளை வகைப்படுத்தியிருப்பதைச் சுட்டுவார்கள். பெருமைக்குரிய பட்டியல்தான். ஆனால் இன்றைய மனிதர்களின் உணர்ச்சிகள் அந்த எட்டுக்குள் அடங்குமா என்பது ஆய்ந்து பார்க்கவேண்டிய கேள்வி. பழமையோ, நம்முடையது என்பதோ விடையாகிவிடாது. சிகாகோ முடிவை எந்தத் தராசில் நிறுத்தோமோ அதே தராசில் இதையும் நிறுத்தத்தான் வேண்டும். நம் நாட்டில் நடந்த ஆய்வுக்கும் அதே நியாயம். 1953இல் அகமதாபாத் காலிகோ ஆலையின் தானியங்கித் தறிக்கூடத்தில், டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ.கே. ரைஸ், தறிகளின் பொறுப்பைச் சிறு குழுக்களிடம் ஒப்படைக்கும் முறையைக் கொண்டுவர உதவினார். உற்பத்தியும் தரமும் உயர்ந்தன. பல ஆண்டுகள் கழித்து எரிக் மில்லர் என்ற ஆய்வாளர் அதே ஆலைக்குப் போய்ப் பார்த்தபோது, ஒரு கூடத்தில் அந்த முறை பெரும்பாலும் நிலைத்திருந்தது. மற்றவற்றில் பழைய வழிக்கே திரும்பியிருந்தார்கள். முதல் முடிவோடு இந்த மறுபார்வையையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் குழு வேலையைப் பற்றி நமக்கு உருப்படியாக ஏதாவது தெரிகிறது.

ஓசூரையும் சானமாவையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். சிப்காட் வளாகத்தில் ஏதோவொரு தொழிற்சாலையில் வேலைத் திருப்தியை அளக்க ஒரு வினாத்தாள் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அனுமதி ஹெச்.ஆர். வழியாக வருகிறது, ஷிஃப்ட் முடியும் நேரத்தில் சூப்பர்வைசர் ஆட்களைக் கூட்டி உட்காரவைக்கிறார். நிரந்தரத் தொழிலாளர்கள் எழுதுகிறார்கள். காண்ட்ராக்ட் ஆட்கள் பட்டியலிலேயே இல்லை. வேலை பிடிக்காமல் போனவர்கள் போன மாதமே ஊருக்குப் போய்விட்டார்கள். எழுதுகிறவர்களிலும் சிலருக்கு வீட்டில் தெலுங்கு, சிலருக்குக் கன்னடம், வடக்கிலிருந்து வந்தவர்களுக்கு இந்தி. ஆங்கில வினாத்தாளைத் தமிழில் பெயர்த்து, அதைப் பார்த்திராத இன்னொருவரைக் கொண்டு திரும்ப ஆங்கிலமாக்கி ஒப்பிடும் வேலையை யாரும் செய்யவில்லை. இத்தனையும் சேர்ந்து, பத்துக்கு எட்டுப் பேர் திருப்தியாக இருக்கிறார்கள் என்று ஒரு முடிவு வந்தால் அது எதைக் காட்டுகிறது? ஹெச்.ஆர். அறையில் என்ன சொல்வது பாதுகாப்பு என்பதைத் தொழிலாளர்கள் நன்றாக அறிந்திருக்கிறார்கள் என்பதை வேண்டுமானால் காட்டலாம். மாதிரி, நம்பகத்தன்மை, ஏற்புடைமை என்று புத்தகத்தில் வறட்சியாகக் கிடக்கும் சொற்களின் பொருள் இதுதான்.

காட்டோரத்துக்குப் போனாலும் அப்படித்தான். குளிர்காலத்தையொட்டி, கேழ்வரகு விளையும் நாட்களில், கர்நாடகக் காடுகளிலிருந்து ஜவளகிரி வழியாக யானைகள் சானமாவுக் காட்டுக்கு வருகின்றன. போடூர்பள்ளத்திலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் இரவெல்லாம் கண்விழித்துக் காவல் இருக்கவேண்டியிருக்கிறது. அரசுப் பதிவேட்டில் ஏறுவது மிதிபட்ட பயிரும் போன உயிரும்தான். கெட்டுப்போன தூக்கத்துக்கும் தினசரி அச்சத்துக்கும் அதில் பத்தி கிடையாது. அசாமில் யானைகளால் பாதிக்கப்பட்ட ஏழைக் குடும்பங்களின் மனநலத்தை ஆராய்ந்து சுஷ்ருத் ஜாதவும் மான் பருவாவும் 2012இல் எழுதிய கட்டுரை, இப்படிக் கணக்கில் வராத பாதிப்புகளைத்தான் எடுத்துவைத்தது. சானமாவில் இதே கேள்வியைக் கேட்க விரும்பும் மாணவர் முதலில் முடிவெடுக்கவேண்டியது மாதத்தை. ஜூனில் கேட்டால் ஒரு விடையும் டிசம்பரில் கேட்டால் வேறு விடையும் வரக்கூடும். பகலில் வீட்டில் இருப்பவரிடம் கேட்பதா, இரவில் காவலுக்குப் போகிறவரிடம் கேட்பதா என்பது அடுத்த முடிவு. ஆய்வகம் இல்லாத கல்லூரியில் என்ன செய்யமுடியும் என்று சலித்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் இந்த முடிவுகளை யோசித்து எடுக்கக் கருவி எதுவும் தேவையில்லை. இங்கே வளர்ந்தவருக்கு இந்த ஊரின் காலங்களும் மொழிகளும் ஏற்கெனவே தெரியும். வெளியூர் ஆய்வாளர் அவற்றைத் தெரிந்துகொள்ளவே நாளாகும்.

நான் வந்தது மனிதர்களுக்கு உதவத்தான், எண்களோடு மல்லுக்கட்ட அல்ல என்பது எல்லாவற்றையும்விட வலுவான மறுப்பு. அந்த நோக்கத்தை மதிக்கிறேன். அந்த நோக்கத்துக்காகவே எண்கள் வேண்டும் என்கிறேன். ஓசூர்-கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் நடக்கும் விபத்துகளை நினைத்துக்கொள்ளுங்கள். அடிபட்டு மருத்துவமனையில் கிடப்பவரிடம் உடனே போய் உட்கார்ந்து, நடந்ததை மனம்விட்டுச் சொல்லவைத்தால் பாரம் குறையும் என்றே எவருக்கும் தோன்றும். இங்கிலாந்தில் ரிச்சர்ட் மேயோவும் அவருடைய குழுவினரும் சாலை விபத்தில் சிக்கியவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் இத்தகைய ஒற்றை அமர்வைக் கொடுத்தார்கள். மூன்றாண்டு கழித்து வந்த முடிவு 2000இல் வெளியானது. ஆரம்பத்தில் அதிகம் கலங்கியிருந்தவர்களில், அமர்வு பெறாதவர்கள் தேறியிருந்தார்கள், பெற்றவர்கள் தேறவில்லை. ஒப்பிட ஒரு பிரிவு இல்லாமல் இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது, ஏனென்றால் கனிவோடு பேசியவரை யாரும் குறை சொல்வதில்லை; பேசியவருக்கும் நல்லது செய்த நிறைவு. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, பாதிக்கப்பட்டவரைப் பேசச் சொல்லி வற்புறுத்தாமல், பாதுகாப்பும் தேவையான உதவியும் கிடைக்கச் செய்வதையே முதன்மையாக வைக்கிறது. நல்ல மனம் மட்டும் இருந்தால் இந்த வித்தியாசம் புலப்பட்டிருக்காது.

எல்லாவற்றையும் இப்படிச் சந்தேகித்தால் மிஞ்சுவது என்ன என்று கேட்கலாம். நிறையவே மிஞ்சும். ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இல் வெளியிட்ட மறதிக் கோடு, ஒரே ஒரு மனிதரை, அதாவது அவரையே, சோதித்து வரைந்தது. ஆள்கணக்கை மட்டும் பார்த்தால் தள்ளிவிடலாம். ஆனால் என்ன செய்தேன் என்பதை அவர் அவ்வளவு துல்லியமாக எழுதிவைத்ததால் நெதர்லாந்தில் அதை அப்படியே திரும்பச் செய்து 2015இல் வெளியிட முடிந்தது. கோடும் ஏறத்தாழ அதேபோல வந்தது. ஆகவே முறையைக் கேட்பது முடிவுகளைக் கவிழ்ப்பதற்காக மட்டும் என்று எண்ணவேண்டாம். எதை நம்பிக் காலூன்றலாம் என்பதும் அதில்தான் தெரிகிறது. உங்கள் படிப்புக்கே இதில் பயன் உண்டு. ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முன்னிலையில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்தோ, வாசித்ததை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப்பார்த்தவர்களே முந்தினார்கள். தேர்வுக்கு முந்தைய இரவு நோட்ஸை மஞ்சள் பேனாவால் கோடிட்டுப் படிக்கிறவர்கள், தாங்கள் படிக்கும் பாடத்தையே நம்பவில்லை என்றுதான் சொல்லவேண்டும்.

நடைமுறை விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இளநிலைப் பட்டம் உங்களை மருத்துவ உளவியலாளர் ஆக்காது. அதற்கு முதுநிலைப் படிப்பும், 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் ஏற்ற பயிற்சியும் பதிவும் வேண்டும். படிப்புகளின் பெயரும் விதிகளும் மாறிவருவதால் சேருவதற்கு முன் கவுன்சிலின் அறிவிப்பை நேரடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் ஓசூர் சாலையிலேயே இருக்கும் நிமான்ஸ் மனநல நிறுவனத்தில் இந்தப் பயிற்சி 1950களிலிருந்து நடக்கிறது. அங்கே இடம் பிடிப்பதற்கும் ஆய்வு முறையியல் கைகொடுக்கும். ஆய்வுக் கட்டுரைகள் ஆங்கிலத்தில்தான் கிடைக்கும். முன்னுரையைப் படிப்பதற்கு முன் முறையியல் பகுதியைப் படித்து, அதைத் தமிழில் ஐந்தாறு வரிகளில் எழுதிப்பாருங்கள். எழுதமுடியவில்லை என்றால் இன்னும் புரியவில்லை என்று பொருள்.

உங்களில் பலர் கடைசியில் உளவியலாளர் ஆகாமலும் போகலாம். ஒரு தொழிற்சாலையின் ஹெச்.ஆர். பிரிவிலோ, பள்ளியிலோ, தொண்டு நிறுவனத்திலோ வேலைக்குச் சேர்வீர்கள். அங்கே ஆள் எடுப்பதற்கு ஓர் ஆளுமைத் தேர்வை விற்க ஒருவர் வருவார். விரல்ரேகையைப் பார்த்துப் பிள்ளையின் திறமையைச் சொல்லும் டி.எம்.ஐ.டி. பரிசோதனைக்குப் பெற்றோரிடம் பணம் கட்டச் சொல்லி இன்னொருவர் வருவார். எத்தனை பேரிடம் சோதித்தீர்கள், எதனோடு ஒப்பிட்டீர்கள், நீங்கள் கணித்தபடிதான் பிள்ளைகள் பின்னால் வந்தார்களா என்று அவரிடம் கேட்க முதுநிலைப் பட்டமோ பதிவு எண்ணோ வேண்டியதில்லை. முறையியல் வகுப்பில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தாலே போதும்.