பிரதி இருந்தால் ஏடு போகலாம்

கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கு ஏடு தேடிச் சென்ற கதையை உ.வே. சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தில் சொல்லியிருக்கிறார். வரகுண பாண்டியருடைய ஏடுகள் அங்கே இருக்கின்றன என்று கேள்விப்பட்டுப் போனவருக்கு, அவற்றை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டார்கள் என்ற பதிலே கிடைத்தது. வாசகர்கள் பலரும் அறிந்த கதைதான். அதை ஒட்டி ஐயர் தரும் விளக்கத்தை எடுத்துக்காட்டுவோர் எங்கள் கண்ணில் அதிகம் பட்டதில்லை. சிதைந்த ஏட்டைத் தீயிலிடும் வழக்கத்துக்கு முன்னதாக இன்னொரு வழக்கம் இருந்தது: முதலில் புதுப் பிரதி எழுதிக்கொள்வது. பிரதி கைக்கு வந்தபின் பழைய ஏடு போனால் நட்டமில்லை. பின்வந்தவர்கள் முற்பாதியை மறந்து பிற்பாதியை மட்டும் பக்தி சிரத்தையோடு நிறைவேற்றிவிட்டார்கள்.

கணினியில் எழுத்தைச் சேமிப்பவர்களும் இதே பாதியைத்தான் மறக்கிறார்கள். சிங்காரப்பேட்டையைச் சேர்ந்த நாங்கள் ஐந்து பேர், பழைய சிறுபத்திரிகைக் கட்டுரைகளைத் தட்டச்சு செய்து வாடகை வழங்கியொன்றில் வைத்துவருகிறோம். எங்களில் மூவர் ஓசூரில் ஷிப்ட் வேலை பார்த்து வாரக் கடைசியில் ஊர் திரும்புகிறவர்கள். ஆகவே சேமிப்பு வேலையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வேலை.

மெய்நிகர் தனிவழங்கி என்று பெயர் கம்பீரமாக இருக்கிறது. உண்மையில் அது ஒண்டுக்குடித்தனம். ஒரு பெரிய இயந்திரத்தை மென்பொருளால் தடுத்துப் பல குடிகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். ஒவ்வொரு குடிக்கும் தனிக் கதவு, தனிச் சாவி. கூரை மட்டும் ஒன்று. நிறுவனம் தரும் ‘ஸ்னாப்ஷாட்’ என்பது அந்த அறையை அப்படியே படம்பிடித்து வைப்பது. வசதியானதுதான். ஆனால் படத்தையும் பெரும்பாலும் வீட்டுக்காரரே வைத்திருக்கிறார். கணக்கு முடங்கினால் அறையும் படமும் சேர்ந்தே கைவிட்டுப் போகக்கூடும்.

இது வெறும் அச்சமில்லை. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று முழுவதும் எரிந்துபோயிற்று. காப்புநகல் எடுத்திருந்த சிலருக்கும் எதுவும் மிஞ்சவில்லை. அவர்களுடைய நகல்களும் அதே வளாகத்தில்தான் இருந்தன.

நெருப்பு பிரான்சில் என்றால் நீர் எங்கள் பக்கத்தில். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபின், 2024 டிசம்பர் 2 காலை வரையிலான ஒரே நாளில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை கொட்டியது. பேருந்து நிலையம் அருகே நிறுத்தியிருந்த வாகனங்கள் உருண்டு போனதை நாடே காணொளியில் பார்த்தது. எங்கள் நண்பர் ஒருவர் வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. நகல்கள் இருந்த வன்தட்டு பரணில், பித்தளைப் பாத்திரங்களுக்கு நடுவே இருந்ததால் பிழைத்தது. வழங்கி தொலைவில் ஒரு நகரத்தில் ஈரம் படாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே நாளில் இரண்டு இடமும் போகாது என்பதே இத்தனை ஏற்பாட்டுக்கும் அடிப்படை. அந்த வாரத்துக்குப் பிறகு மூன்றாவது நகலொன்றைக் கடல் கடந்து வேறொரு நிறுவனத்தில் வைத்தோம்.

நகல் இருப்பது ஒன்று, அது திரும்பி எழுவது வேறொன்று. 2017 ஜனவரி 31 இரவு கிட்லாப் நிறுவனத்தில் நடந்ததை இதற்குச் சொல்லவேண்டும். பொறியாளர் ஒருவர் துணைத் தரவுத்தளத்தை அழிப்பதாக எண்ணி முதன்மைத் தரவுத்தளத்தையே அழிக்கத் தொடங்கினார். ஓரிரு விநாடிகளில் உணர்ந்து நிறுத்தியபோது ஏறக்குறைய 300 ஜிகாபைட்டில் மிஞ்சியது 4.5. ஐந்து விதமான காப்பு ஏற்பாடுகள் இருந்தும் ஒன்றும் முறையாகக் கைகொடுக்கவில்லை. தினசரி நகலெடுக்கும் நிரல், பதிப்பு ஒவ்வாமையால் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. காப்பாற்றியது, வேறு சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் எடுத்துவைத்த படம். இத்தனையையும் ஒளிக்காமல், மீட்புப் பணியையே நேரலையில் காட்டினார்கள். அந்த நேர்மையை எங்களால் மெச்சாமல் இருக்க முடியவில்லை.

ஆகவே மாதம் ஒருமுறை மீட்பு ஒத்திகை நடத்துகிறோம். ஒரு மணி நேரத்துக்கு வெற்று வழங்கியொன்றை வாடகைக்கு எடுத்து, நகலிலிருந்து தளத்தை முதலிலிருந்து எழுப்பிப் பார்ப்பது. செலவு இரண்டு டீக்கு மேல் ஆவதில்லை. இதில் தமிழுக்கென்றே ஒரு கண்டம் இருக்கிறது. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டு இடம் கேட்கிறது. பெற்றுக்கொள்ளும் தரவுத்தளம் மேலை ஐரோப்பிய எழுத்துகளுக்கென அமைந்திருந்தால், பல வேளைகளில் முறையிடாமலேயே ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறியை இட்டு நிரப்பிவிடும். கட்டுரைகளின் எண்ணிக்கை சரியாக இருக்கும், தேதிகள் சரியாக இருக்கும், தலைப்பிலிருந்து கடைசி வரி வரை கேள்விக்குறிகள் மட்டும் அணிவகுத்து நிற்கும். அந்த நிலையிலேயே மறுபடி நகலெடுத்துப் பழையதை அழித்தால் கரிவலம்வந்தநல்லூர்தான். எனவே எண்ணிக்கையைப் பார்ப்பதோடு விடாமல், ஏதேனும் பத்துக் கட்டுரைகளைத் திறந்து வாய்விட்டுப் படிக்கிறோம்.

இன்னொன்று. திங்களன்று பிழைபட்ட கோப்பைச் செவ்வாயன்று எடுக்கும் நகல், அந்தப் பிழையோடுதான் பெயர்த்து எழுதும். ஏடெழுதியவர்களைவிடக் கணினி இதில் விசுவாசமானது. ஐயர் பல ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் கண்டதைப் போல, ஏழு நாள், நான்கு வாரம், பன்னிரண்டு மாதம் என்று தலைமுறை தலைமுறையாக நகல்களை வைத்திருக்கிறோம். ஒவ்வொரு கோப்புக்கும் ஹாஷ் எனப்படும் கைரேகை எடுத்து ஒப்பிடுவதும் உண்டு. ஓரெழுத்து மாறினாலும் ரேகை மாறிவிடும்.

சென்ற ஒத்திகையில் ஒரே ஒரு கோப்புறை மட்டும் படிக்கக் கிடைக்கவில்லை. ஒருங்குறி பரவுவதற்கு முன், தனியார் எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்யப்பட்ட பதினொரு கட்டுரைகள் அதில் இருக்கின்றன. கைரேகை அச்சாகப் பொருந்துகிறது, ஒரு பைட்டும் குறையவில்லை. எழுத்துரு மட்டும் எங்களிடம் இல்லை. கிருஷ்ணகிரியில் மூடிப்போன ஒரு டி.டி.பி. கடையின் பழைய கணினி அதன் உரிமையாளர் வீட்டில் கிடப்பதாகக் கேள்வி. வருகிற ஞாயிறு போய்க் கேட்பதாக இருக்கிறோம்.