செம்புள்ளி

மார்கழி. காரைக்கால் பக்கம் சுரக்குடி. வரப்புப் புல்லில் பனி இன்னும் காயவில்லை. சம்பா பால் பிடிக்கிற நேரம்.

வேட்டியை மடித்துக் கட்டியவர் வயலில் இறங்குகிறார். ஒரு தோகையை ஒடித்து வெயிலுக்கு நேரே பிடிக்கிறார். எள் அளவில் பழுப்புப் புள்ளிகள். சுற்றிலும் மஞ்சள் வளையம். கட்டைவிரலால் தேய்க்கிறார். போகவில்லை. இன்னொரு தோகை. அதையும் தேய்க்கிறார்.

உரக்கடை. கடைக்காரர் தோகையைத் தூரத்திலிருந்தே பார்க்கிறார்.

“குலை நோய்.”

“கண்ணு மாதிரி நீட்டமா இல்லியே அண்ணே. உருண்டையால்ல இருக்கு.”

கடைக்காரர் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுக்கிறார். தோகையை வாங்குகிறார். திருப்புகிறார்.

“செம்புள்ளி.”

குலை நோய் என்று வாய் முந்திக்கொள்வதற்குக் காரணம் உண்டு. 1919-இல் தஞ்சை டெல்டாவை அடித்துப்போட்ட நோய் அது. செம்புள்ளியின் கணக்கு வேறு ஊரில் இருக்கிறது. 1942, வங்காளம். புயல், மழை, விலகாத மேகமூட்டம். நெல் தோகை முழுக்கப் பழுப்புப் புள்ளி. மறு ஆண்டு பஞ்சம். போர், பதுக்கல், எட்டாத அரிசி விலை, அசையாத அரசு, கூடவே செம்புள்ளியைத் தரும் பூஞ்சை. செத்தவர்கள் 20 லட்சத்திலிருந்து 30 லட்சம். நெல் நோய் அறிஞர் எஸ்.ஒய். பத்மநாபன் 1973-இல் இதைக் கட்டுரையாக எழுதுகிறார்.

அந்தப் பூஞ்சைக்குப் பின்னாளில் ஒரு பெயர் வைக்கப்போகிறவர் சென்னையில் இருக்கிறார். சேப்பாக்கம். பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடம். 1950-கள். எர்ணாகுளத்தில் 1924-இல் பிறந்த சி.வி. சுப்பிரமணியன் அங்கே வேலை பார்க்கிறார். ஆசிரியர் டி.எஸ். சதாசிவன். பருத்தி வாடல் நோயை மண்ணுக்குள் தேடுகிறவர். மாணவர் தென்னிந்திய ஃபியூசேரியம் பூஞ்சைகளில் தொடங்குகிறார். அடுத்து, பால்வழி இனப்பெருக்கம் கண்ணில் படாத பூஞ்சைகள். பாடப்புத்தகத்தில் அவற்றுக்கு நிறைவுறாப் பூஞ்சைகள் என்று பெயர். மட்கிய சுள்ளியில், சருகில், வயல் மண்ணில் இருப்பவை. யாரும் குனிந்து பார்க்காதவை.

வேலை கையளவு. கண்ணாடி வில்லையில் ஒரு சொட்டு லாக்டோபீனால். ஊசி முனையில் ஒட்டிய பூசணம். மேலே மூடுவில்லை, சாய்வாக, மெதுவாக. உள்ளே காற்றுக் குமிழி சிக்கினால் மறுபடி முதலிலிருந்து. விளிம்பில் நகப்பூச்சு. அப்புறம் கண்ணை வைத்துப் பார்ப்பது. பார்த்ததை வரைவது. மறுபடி பார்ப்பது.

பார்த்ததைப் பிரிப்பது அடுத்த வேலை. 19-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் சக்கார்டோ வித்தின் நிறத்தையும் வடிவத்தையும் வைத்துப் பூஞ்சைகளைப் பிரிக்கிறார். பழுப்பு ஒரு பக்கம், நிறமற்றது ஒரு பக்கம். 1953-இல் கனடாவின் ஹியூஸ் வேறொன்று கேட்கிறார்: அந்த வித்து எப்படிப் பிறக்கிறது? காம்பின் நுனி ஊதிப் பிறக்கிறதா, சுவரில் துளை விழுந்து அதன் வழியே வெளிவருகிறதா? சுப்பிரமணியன் பிடித்துக்கொள்ளும் கேள்வி இதுதான். 1962-இல் இதை வைத்தே ஒரு வகைப்பாடு வெளியிடுகிறார்.

செம்புள்ளிப் பூஞ்சையின் வித்து துளை வழியே பிறக்கிறது. படகு வளைவு, பழுப்பு, குறுக்கே சுவர்கள். பத்து வித்துகளை நீளவாக்கில் அடுக்கினால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்.

அதன் பெயர் நிலையாக நிற்பதில்லை. 1900-இல் பிரேடா டி ஹான் சூட்டியது ஹெல்மின்தோஸ்போரியம் ஒரைசே. 1959-இல் ஷூமேக்கர் அதை பைபோலாரிஸ் ஆக்குகிறார். இந்த வித்து இரு முனைகளில் முளை விடுகிறது என்பது அவர் காரணம். 1966-இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் சுப்பிரமணியனும் பி.எல். ஜெயினும் ட்ரெக்ஸ்லெரா ஒரைசே என்கிறார்கள். இன்று நிற்பது பைபோலாரிஸ். மற்றவை ‘இணைப்பெயர்கள்’ என்ற தலைப்பின் கீழே, ஆண்டோடு.

1965-இல் சுப்பிரமணியனுக்குப் பட்நாகர் விருது. 1971-இல் ஹைஃபோமைசீட்டுகள் என்ற நிறைவுறாப் பூஞ்சைகளின் இந்திய இனங்கள் பற்றிய நூல், 900 பக்கத்துக்கு மேல். அப்படி ஒன்று அதுவரை இங்கே இல்லை. 1973-இல் இந்தியப் பூஞ்சையியல் சங்கம், அதன் இதழ் ‘கவகா’.

புதிதாகக் கண்ட பேரினங்களில் ஒன்றுக்கு சதாசிவானியா என்று ஆசிரியர் பெயர். இன்னொன்றுக்கு ஐயங்காரினா. அது ஆய்வுக்கூடத்தின் மூத்தவர், பாசி அறிஞர் எம்.ஓ.பி. ஐயங்கார் பெயர். தன் பெயரைத் தானே வைப்பது வழக்கமில்லை. 1985-இல் நெதர்லாந்தின் வான் ஆர்க்ஸ் ஒரு பூஞ்சைப் பேரினத்துக்கு சுப்பிரமணியுலா என்று வைக்கிறார். 2016 பிப்ரவரியில் சுப்பிரமணியன் மறைகிறார். வயது 91.

காரைக்கால் வேளாண் கல்லூரி. செய்முறை வகுப்பு. பெட்ரி தட்டில் ஈரமான வடிதாள். அதன் மேல் புள்ளி விழுந்த தோகைத் துண்டுகள், நேற்று வைத்தவை. இன்று புள்ளிகளின் மேல் கறுப்பாக மயிர் போல ஏதோ எழுந்திருக்கிறது. ஒரு மாணவி ஊசியால் தொட்டு வில்லையில் வைக்கிறாள். குமிழி. மறுபடி வைக்கிறாள். குமிழி. மூன்றாவது சரியாக விழுகிறது.

குனிகிறாள். குறுக்குச் சுவர்களை எண்ணுகிறாள். ரெக்கார்டு நோட்டில் எட்டுக் கோடு. மறுபடி குனிகிறாள். அழிப்பானை எடுக்கிறாள். ஒன்பது.