வெண்சேலையும் ஒரு குரலும்



சென்ற வாரம் சேலம் செல்லும் ரயிலுக்காக மொரப்பூர் நிலையத்தில் காத்திருந்தேன். அருகிலிருந்த பெரியவரின் கைப்பேசியில் கே. பி. சுந்தராம்பாளின் குரல் ஒலித்தது. அது என் தவறு ஒன்றை எனக்கு உணர்த்திற்று.

கொடுமுடியில் 1908இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். சிறுவயதில் ரயிலில் பாடிப் பிழைத்தவர், பின்னர் நாடக மேடையின் ஒப்பற்ற பாடகியானார். உடன் நடித்த எஸ். ஜி. கிட்டப்பாவையே மணந்தார். 1933இல் கிட்டப்பா மரித்தபோது அவருக்கு வயது 25. அன்று உடுத்திய வெண்சேலையை அவர் இறுதிவரை களையவில்லை. எந்த ஆணுடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்றும் உறுதி பூண்டார்.

ஆனால் சில காலம் ஒதுங்கியிருந்தவர் மீண்டும் பாட வந்தார். 1935இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். 1953இல் ஔவையாரானார். சென்னை சட்ட மேலவையிலும் அமர்ந்தார். 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

சிந்தித்துப் பாருங்கள். வெண்சேலை அவர் தாமே தெரிந்துகொண்ட துக்கம். அந்தத் துக்கம் அவருடைய குரலை அடைத்துவிடவில்லை.

நம் சபையின் பாடகர் குழுவில் ஒரு சகோதரி பாடிவந்தார். கணவர் மரித்தபின், “அவர் முன்னால் நிற்பது சரியா?” என்று சிலர் முணுமுணுத்தார்கள். நான் கண்டிக்கவில்லை. அவர் கடைசி வரிசைக்குப் போனார்; ஓராண்டு கடந்தது. ஏழு வருஷமே கணவனோடு வாழ்ந்து, முதிர்வயதிலும் தேவாலயத்தைவிட்டு நீங்காத அன்னாளைக் குறித்துப் பலமுறை பிரசங்கித்தவன் நான். பாலகனாகிய இயேசுவைக் குறித்து எல்லாரிடமும் பேசியவள் அந்த விதவை அல்லவா?

ஊர் திரும்பியதும் அந்தச் சகோதரியின் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். “ஐயா, பாடாதே என்று யாரும் சொல்லவில்லை. பாடு என்றும் யாரும் சொல்லவில்லை” என்றார். என்னிடம் பதில் இல்லை.

ஞாயிறன்று அவர் குழுவில் நின்றார். முதலில் குரல் நடுங்கிற்று. இரண்டாம் சரணத்தில் தெளிந்தது.

பிரியமானவர்களே, துக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆறுதல் சொல்லுகிறோம், நல்லதே. ஆனால் அவர்களுடைய தாலந்தையும் சேர்த்துப் புதைத்துவிடுகிறோமா? உங்கள் அருகில் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவர் யார்? இந்த வாரம் அவரிடம் சென்று, “பாடுங்கள்” என்று சொல்லுங்கள்.