வெறும் தண்ணிக்கு ஒரு வாட்ச்மேன்

கலர் மீன் வளர்ப்பவர்களில் இரண்டு ரகம் உண்டு சார். கொளத்தூர் பக்கம் போய் நாலு கப்பி, ஒரு கோல்டு ஃபிஷ் வாங்கி வந்து நிம்மதியாக இருப்பவர்கள் முதல் ரகம். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட 'க்ளவுன்' மீன்தான் வேண்டும் என்று அடம்பிடித்து, வீட்டுக்குள் கடல் தண்ணீர்த் தொட்டி வைப்பவர்கள் இரண்டாவது. அடியேன் இரண்டாவது. பட்ஜெட்? தீபாவளி போனஸில் சகதர்மிணி மனமிரங்கி ஒதுக்கிய 8,000 ரூபாய்!

"உப்புத் தண்ணிக்குக் காசா? பெசன்ட் நகர் பீச்சுல ரெண்டு குடம் மொண்டுக்கிட்டு வாயேன்டா" என்றார் அப்பா.

கூவமும் அடையாறும் கலக்கிற கரையோரத் தண்ணீரை நம்பி ஓர் உயிரை வளர்க்க முடியாது. சமையல் உப்பும் சரிப்படாது. அது வெறும் சோடியம் குளோரைடு. கடலிலோ மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் என்று பெரிய கூட்டணியே இருக்கிறது. ஆகவே மீன் கடையில் விற்கும் கடல் உப்புக் கலவைதான். லிட்டருக்குச் சுமார் 35 கிராம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டிக்குக் கிட்டத்தட்ட 56 லிட்டர். உப்பு இரண்டு கிலோ. ஹைட்ரோமீட்டர் 1.025 காட்டினால் கடல் வீட்டுக்கு வந்தாச்சு. இதைவிடச் சின்னத் தொட்டி வாங்கினால் மிச்சம் என்று தோன்றும். வேண்டாம். தண்ணீர் குறையக் குறைய சூடும் உப்பும் சட்டென்று எகிறும்.

மற்றபடி முடிந்த இடத்திலெல்லாம் கையைச் சுருக்கினேன். அடியில் மணல் இல்லை. அழுக்கை நுரையாக்கி வெளியே தள்ளும் 'ஸ்கிம்மர்' இல்லை. பதிலுக்கு வாரம் ஆறு லிட்டர் தண்ணீரை மாற்றுகிறேன். 'சில்லர்' விலையைக் கேட்டதும் எனக்கே குளிர் ஜுரம் வந்துவிட்டது! பழைய டேபிள் ஃபேனைத் தண்ணீரின் மேல்பரப்பில் படும்படி திருப்பி வைத்தேன். ஆவியாகிற வேகத்தில் இரண்டு டிகிரி இறங்குகிறது.

"உயிர்ப் பவளம் இருக்கு சார், சல்லிசா முடிச்சுத் தர்றேன்" என்று ஒருத்தர் காதைக் கடித்தார். பவளப்பாறை 2001-லேயே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு சேர்ந்துவிட்ட சமாச்சாரம். கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

சுருக்கவே முடியாதது நாள்! மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும், விஷம். ஒரு பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம். இன்னொரு பாக்டீரியா அதை நைட்ரேட் ஆக்கும். அதை மீன் ஓரளவு தாங்கும். இந்த இரண்டு கோஷ்டியும் ஃபில்டரில் குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை அவர்களுக்குச் சாப்பாடு? ஒரு பச்சை இறாலைப் போட்டு அழுக விட வேண்டும். எங்கள் வீடோ சுத்த சைவம்! ஆபீஸ் நண்பர் ஒருவர்தான் காகிதத்தில் சுற்றி, ஃபைலுக்கு நடுவே வைத்துத் தந்தார். பார்த்தவர்கள் கமிஷன் கை மாறுகிறது என்றே நினைத்திருப்பார்கள்.

"ஒரு மாசமா வெறும் தண்ணிக்கு வாட்ச்மேன் வேலை பார்க்கறீங்களே, சம்பளம் உண்டா?" என்றாள் சகதர்மிணி. தினம் ராத்திரி டெஸ்ட் கிட்டும் கையுமாக உட்கார்ந்தேன். அம்மோனியா ஏறி இறங்கியது. பிறகு நைட்ரைட் ஏறியது. 37-ம் நாள் இரண்டுமே பூஜ்யம்!

கடலில் பிடித்ததை வாங்காமல், பண்ணையில் பொரித்த ஜோடியாகக் கேட்டு வாங்கினேன். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் இந்த மீனைப் பொரிக்க வைத்திருக்கிறார்கள். கடற்சாமந்தி இல்லாமலே ஜாலியாக இருக்கும். பிறக்கும்போது எல்லாமே ஆண்தான். ஜோடியில் பெரிசு எதுவோ, அது பெண்ணாகிவிடும். அது போய்விட்டால் அடுத்தது பெண்ணாகும். இதைச் சொன்னதும் சகதர்மிணி, "அப்ப குடும்பத்துல யார் பெரியவங்கன்னு மீனுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு!" என்றாள்.

தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அப்படியே நிற்கும். அதனால் குறைகிற அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் விட வேண்டும். கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். தினமும் காலையில் பேப்பருக்கு முன்னால் அப்பா சொம்போடு வந்து, கண்ணாடியைச் சரிபண்ணிக்கொண்டு, கோடு வரை ஊற்றுகிறார். போன வாரம் ஒரு கல்யாணத்துக்காக எல்லோரும் ஊருக்குக் கிளம்பினோம்.

"நீங்க போயிட்டு வாங்கடா. இதுங்களுக்குத் தண்ணி யார் ஊத்தறது?" என்றார்.